செயப்படுபொருள் எங்கே? ஆங்கில வினைகளை இரண்டாகப் பிரிக்கும் கேள்வி

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ‘பிரேக்’ என்ற வினைக்குத் தனித்தனியாக இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்றின் தலையில் ‘வி.ஏ.’ என்ற குறி, மற்றதன் தலையில் ‘வி.என்.’ என்ற குறி. முதலாவது ஆக்டிவ் வெர்ப்: ஒருவர் ஒன்றை உடைப்பது. இரண்டாவது நியூட்டர் வெர்ப்: ஒன்று தானே உடைவது. 1828இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம் அகராதியில் இவற்றை ‘வி.டி.’, ‘வி.ஐ.’ என்று குறித்தார். ட்ரான்சிட்டிவ், இன்ட்ரான்சிட்டிவ் என்ற அந்தப் பிரிவுதான் இன்றும் அகராதிகளிலும் பள்ளிப் புத்தகங்களிலும் நடக்கிறது. தமிழில் செயப்படுபொருள் குன்றா வினை, செயப்படுபொருள் குன்றிய வினை என்கிறோம்.

எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாக, இறந்தகால வடிவமும் ஒன்றாக இருக்கும்போது இவை இரண்டு வினைகளா, ஒரே வினை பார்க்கும் இரண்டு வேலைகளா? கேள்வி அகராதிக்காரர்களோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் இதை எதிர்கொள்கிறார். இருநூற்றைம்பது ஆண்டுகளாக இலக்கணக்காரர்கள் தந்த விடைகளைப் படித்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இந்தப் பெயர்ச்சீட்டை வினையின் மேல் ஒட்டக்கூடாது, அந்த வினை நிற்கும் வாக்கியத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும். நம் வகுப்பறைகள் பெரும்பாலும் வினையின் மேல் ஒட்டுகின்றன. அதனால் மாணவர்கள் வரையறையை ஒப்பிக்கிறார்கள், ஆனால் வாக்கியம் எழுதும்போது தடுமாறுகிறார்கள்.

வரையறை பழையது. செய்பவரிடமிருந்து செயல் கிளம்பி வேறொன்றைப் போய்ச் சேர்ந்தால் அந்த வினை ட்ரான்சிட்டிவ், செய்பவரோடு நின்றுவிட்டால் இன்ட்ரான்சிட்டிவ். 1762இல் வெளியான ராபர்ட் லௌத்தின் இலக்கண நூல் இப்படித்தான் விளக்கியது. லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த இந்த விளக்கத்தை 1795இல் லிண்ட்லி மரே பரவலாக்கினார். இந்தியாவில் நெஸ்ஃபீல்டின் புத்தகங்களும், பின்னர் 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டினும் அதையே வகுப்பறைக்குக் கொண்டுவந்தன.

‘கிக்’, ‘கட்’, ‘பில்ட்’ போன்ற வினைகளுக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. பந்தை உதைத்தால் உதை பந்தைச் சேர்கிறது. ஆனால் ‘ஐ நோ ஹிம்’ என்னும்போது என்னிடமிருந்து அவரிடம் எது போய்ச் சேர்ந்தது? நான் அவரை அறிந்திருப்பது அவருக்குத் தெரியாமலேகூட இருக்கலாம். ‘ஷீ ஓன்ஸ் எ ஹவுஸ்’ என்பதில் செயலே இல்லை, உடைமைதான் இருக்கிறது. ‘ஹீ ரிசீவ்ட் எ லெட்டர்’ என்பதிலோ போக்கு தலைகீழ்: கடிதம்தான் அவரை வந்தடைகிறது. மூன்றுமே ஐயமின்றி ட்ரான்சிட்டிவ். பொருளை மட்டும் வைத்துப் பிரித்தால் ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் வினைகளில் பெரும்பகுதி வரையறைக்கு வெளியே நின்றுவிடும்.

இந்தக் குறையை ஈடுகட்ட ஆசிரியர்கள் கைக்கொண்ட வழி கேள்வி கேட்பது. வினையை நோக்கி ‘வாட்?’ அல்லது ‘ஹூம்?’ என்று கேள், விடை வந்தால் அதுவே ஆப்ஜெக்ட். தமிழ்நாட்டில் வாக்கிய அமைப்புகளை எஸ்.வி.ஓ., எஸ்.வி.சி., எஸ்.வி.ஏ. என்று பிரித்து எழுதிய எவருக்கும் இந்த உத்தி நினைவிருக்கும். முதலுதவியாக நல்லதுதான், ஆனால் அதையே மருத்துவமாக நம்பிவிடுகிறோம். ‘ஹீ மெட் எ டாக்டர்’, ‘ஹீ பிகேம் எ டாக்டர்’ என்ற இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ‘பிகேம் வாட்?’ என்று கேட்டாலும் ‘எ டாக்டர்’ என்றுதான் விடை வருகிறது. ஆனால் முதல் வாக்கியத்தில் இரண்டு பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர். அங்கே ‘டாக்டர்’ எழுவாயைப் பற்றிய செய்தியை நிறைவு செய்யும் காம்ப்ளிமென்ட், ஆப்ஜெக்ட் இல்லை. ‘தி பேக் வெய்ஸ் டென் கிலோஸ்’ என்பதில் வினைக்குப் பின்னால் வருவது ஓர் அளவு. அதற்கு இயல்பான கேள்வி ‘ஹவ் மச்?’ என்பதுதான். ‘ஷீ வாக்ட் டென் மைல்ஸ்’ என்பதில் வருவது தூரம். வினைக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்து உட்கார்ந்துவிட்டதாலேயே அது செயப்படுபொருள் ஆகிவிடாது.

அடுத்த சோதனை, வாக்கியத்தை பாசிவ் வாய்ஸுக்கு மாற்றிப் பார்ப்பது. சந்திக்கப்பட்ட டாக்டர் எழுவாயாக முன்னுக்கு வருவார், ‘பிகேம்’ வாக்கியத்து டாக்டரால் வர முடியாது. பத்து கிலோவாலும் வர முடியாது. ஆக இந்தச் சோதனை முந்தையதைவிடக் கூர்மையானது. இதற்கும் எல்லை உண்டு. ‘ஹேவ்’, ‘ரிசெம்பிள்’, ‘லாக்’, ‘ஃபிட்’ ஆகியவை ஆப்ஜெக்ட் எடுத்தும் வழக்கமாகப் பாசிவுக்கு வருவதில்லை. ‘ஷீ ரிசெம்பிள்ஸ் ஹிம்’ என்று சொல்லலாம், அதைத் திருப்பிப் போட முடியாது. விடுதி விளம்பரங்களில் ‘தி காட்டேஜ் ஸ்லீப்ஸ் சிக்ஸ்’ என்று எழுதுகிறார்கள். ஆறு பேர் தங்கலாம் என்று பொருள். இன்ட்ரான்சிட்டிவுக்கு எடுத்துக்காட்டாக எல்லாப் புத்தகமும் காட்டும் ‘ஸ்லீப்’ இங்கே ஒரு பெயர்ச்சொல்லைக் கொண்டு நிற்கிறது, பாசிவுக்கு மட்டும் இணங்குவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘எவ்ரிபடி லாஃப்ட் அட் ஹிம்’ என்ற வாக்கியத்தில் ‘அட்’ குறுக்கே நிற்பதால் பள்ளி விதிப்படி ஆப்ஜெக்ட் இல்லை. இருந்தும் ‘ஹீ வாஸ் லாஃப்ட் அட்’ என்பது மிக இயல்பான ஆங்கிலம். யாரோ படுத்து எழுந்த கட்டிலைப் பற்றி ‘திஸ் பெட் ஹாஸ் பீன் ஸ்லெப்ட் இன்’ என்றும் சொல்வார்கள். வினையும் முன்னிடைச்சொல்லும் சேர்ந்து ஒரே வினைபோல நடந்துகொள்ளும் இந்த இடங்களை ப்ரிபொசிஷனல் வெர்ப் என்று தனியே பிரித்துப் பேசும் நூல்களே எனக்குத் தெளிவாகப் படுகின்றன. அதற்கு உதவும் எளிய சோதனை, பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பார்ப்பது. ‘ஷீ டர்ன்ட் ஆஃப் தி ஃபேன்’ என்பது ‘ஷீ டர்ன்ட் இட் ஆஃப்’ ஆகும், ஏனென்றால் மின்விசிறி உண்மையான ஆப்ஜெக்ட். ‘ஷீ டர்ன்ட் ஆஃப் தி ரோட்’ என்றால் அவள் சாலையைவிட்டு விலகிப் போனாள். அங்கே ‘இட்’ நடுவில் நுழையாது.

இதுவரை சொன்னது ஆப்ஜெக்டைக் கண்டுபிடிக்கும் முறை. இனி வருவதுதான் கடினமான பகுதி. ஆங்கில வினைகளில் கணிசமானவை இரண்டு பக்கமும் நிற்பவை, அப்படி நிற்கும் விதமும் ஒன்றல்ல. ‘மதர் குக்ட் ரைஸ்’, ‘மதர் குக்ட்’, ‘தி ரைஸ் குக்ட்’ என்ற மூன்றையும் பார்ப்போம். முதலாவதில் ஆப்ஜெக்ட் இருக்கிறது, மற்ற இரண்டிலும் இல்லை. ஆகவே பள்ளிக் கணக்கில் பின்னவை இரண்டும் ஒரே வகை. ஆனால் இரண்டாவதில் ஆப்ஜெக்ட் சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது, எழுவாய் இடத்தில் இன்னும் அம்மாதான். மூன்றாவதில் ஆப்ஜெக்டே எழுவாய் இடத்துக்கு ஏறிவிட்டது, அம்மா மறைந்துவிட்டார். தமிழில் இதைப் புரிந்துகொள்ள இலக்கணமே வேண்டாம்: அம்மா சமைத்தார், சோறு வெந்தது.

சொல்லாமல் விடும் முதல் வகைக்கும் கட்டுப்பாடு உண்டு. ‘ஈட்’ என்ற வினைக்கு ஆப்ஜெக்ட் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிட்டத்தட்ட அதே பொருளுடைய ‘டெவவர்’ ஆப்ஜெக்ட் இல்லாமல் நிற்காது. ‘டைன்’ ஆப்ஜெக்டை ஏற்காது. மூன்றுமே உண்பதைத்தான் குறிக்கின்றன. பொருளைக் கொண்டு மட்டும் வகையைக் கணித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. விடப்பட்ட ஆப்ஜெக்டும் எதுவாகவும் இருந்துவிட முடியாது. ‘ஹீ ட்ரிங்க்ஸ்’ என்று சொல்லி நிறுத்தினால் மதுவையே குறிக்கும், மோரை அல்ல.

ஆப்ஜெக்ட் எழுவாயாக ஏறும் இரண்டாம் வகையை ஓட்டோ யெஸ்பெர்சன் 1920களிலேயே அசைவும் மாற்றமும் குறிக்கும் வினைகள் என்று தனியே கவனித்தார். எந்த வினை இப்படி ஏற விடும், எது விடாது என்ற கேள்விக்கு சார்லஸ் ஃபில்மோர் 1970இல் ‘ஹிட்’, ‘பிரேக்’ ஆகிய இரண்டு வினைகளை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். கல்லால் சன்னலை அடிக்கலாம், கல்லால் சன்னலை உடைக்கலாம். வாக்கிய அமைப்பு ஒன்றே. ஆனால் ‘தி விண்டோ பிரோக்’ என்று சொல்ல முடிகிற நாம், அதே பொருளில் ‘தி விண்டோ ஹிட்’ என்று சொல்ல முடிவதில்லை. ‘பிரேக்’ பொருளின் நிலை மாறியதைச் சொல்கிறது, யார் மாற்றினார் என்பது அதற்குக் கட்டாயமில்லை. ‘ஹிட்’ தொடுகையைச் சொல்கிறது. அடித்த பின் சன்னல் என்னவாயிற்று என்பது அதற்குள் இல்லை. இந்த வழியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை வகுத்துப் பார்த்தவர் பெத் லெவின். 1993இல் வெளிவந்த அவருடைய நூல் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் நூலகங்களில் இருக்க வேண்டியது.

‘கட்’ என்ற வினை ‘ஹிட்’, ‘பிரேக்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘தி பிரெட் கட்’ என்று நிகழ்ச்சியாகச் சொல்ல முடியாது. ‘திஸ் பிரெட் கட்ஸ் ஈசிலி’ என்று ரொட்டியின் இயல்பாகச் சொல்லலாம். ஒரு நாவல் நன்றாக விற்கிறது என்று சொல்லும் ‘தி நாவல் செல்ஸ் வெல்’ என்பதும் இதே அமைப்பு. நமக்கு இது புதிதல்ல. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கவனித்து இடம் கொடுத்திருக்கிறது. திண்ணை தானே மெழுகிக்கொண்டதைப் போலப் பேசுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். ஆங்கில நூல்கள் இதை மிடில் என்ற பெயரில் பேசுகின்றன.

இன்ட்ரான்சிட்டிவ் என்று ஒரே பெட்டியில் போட்டவையும் ஒரே இனம் அல்ல. ‘லாஃப்’, ‘வர்க்’ போன்றவற்றில் எழுவாய் தானாகச் செய்கிறது. ‘ஃபால்’, ‘அரைவ்’, ‘டிஸ்அப்பியர்’ போன்றவற்றில் எழுவாய்க்கு ஒன்று நேர்கிறது. உதிர்ந்த இலைகளை ‘ஃபாலன் லீவ்ஸ்’ எனலாம். சிரித்த குழந்தையை அந்த அச்சில் வார்த்து ‘லாஃப்ட் சைல்ட்’ என முடியாது. டேவிட் பெர்ல்மட்டர் 1978இல் இந்த வேறுபாட்டை ஒரு கருதுகோளாகவே வகுத்தார்.

ஆங்கிலத்துக்கு ஏன் இந்த நிலை வந்தது என்று பார்த்தால் தமிழரின் சிக்கலும் விளங்கும். பழைய ஆங்கிலத்தில் உருகுவதற்கு ‘மெல்டன்’ என்றும், உருக்குவதற்குச் சற்றே வேறுபட்ட உயிரொலியோடு இன்னொரு வினையும் இருந்தன. எரிவதற்கும் எரிப்பதற்கும்கூடத் தனித்தனி வினைகள் இருந்தன. காலப்போக்கில் ஒலிகள் கலந்து இரண்டும் ஒரே ‘மெல்ட்’, ஒரே ‘பர்ன்’ ஆகிவிட்டன. தமிழ் அந்த வேறுபாட்டை வினையின் உடலிலேயே வைத்திருக்கிறது: உருகியது, உருக்கினான், உடைந்தது, உடைத்தான், ஓடியது, ஓட்டினான், திரும்பியது, திருப்பினாள். வாக்கியத்தின் மற்ற பகுதி காதில் விழாவிட்டாலும் வினைமுற்று ஒன்றே சேதி சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வினைக்கு இருபுறமும் என்ன நிற்கிறது என்று பார்த்தே தீர வேண்டும்.

தமிழின் இந்த இணைகளை அப்படியே இன்ட்ரான்சிட்டிவ், ட்ரான்சிட்டிவ் என்று பெயர் மாற்றிக் கற்பிப்பதும் தவறு. மனைவியைப் பிரிந்தான், பொட்டலத்தைப் பிரித்தான் என்ற இரண்டிலும் ஐகார வேற்றுமை இருக்கிறது, இரண்டுக்கும் செயப்படுபொருள் உண்டு. ஆனாலும் வினை வடிவம் வேறு. தமிழ் வடிவம் காட்டுவது ஆப்ஜெக்ட் இருப்பதை அல்ல, செயலின் விளைவு எழுவாயிடமே தங்குகிறதா வேறொன்றின்மேல் ஏறுகிறதா என்பதை என்று மொழியியலாளர் கு. பரமசிவம் 1979இல் வெளியான தம் ஆங்கில நூலில் வாதிட்டார். ஆங்கிலம் கற்பிக்கிறவர்களும் அந்த வாதத்தை அறிந்திருப்பது நல்லது.

ஆங்கிலத்திலும் பழைய இணைகளில் சில உயிரோடு இருக்கின்றன. ‘சிட்’ உட்கார், ‘செட்’ உட்கார்த்து. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ மரத்தை வீழ்த்து. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ என்பதும் இதே உறவுதான். அதிகத் தொல்லை தருவது படுப்பதற்கான ‘லை’யும் கிடத்துவதற்கான ‘லே’யும். ‘லை’யின் இறந்தகாலம் ‘லே’ என்றே ஆகிவிடுவதால் ஆங்கிலேயர்களே இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நம் மாணவர் இதில் தவறினால் கடிந்துகொள்ளத் தேவையில்லை.

நம் மாணவர்களின் பிழைகள் வேறு இடத்தில் குவிகின்றன, அவற்றுக்கு ஓர் ஒழுங்கும் இருக்கிறது. தமிழில் ஐ உருபு வராத இடங்களில் ஆங்கிலத்தில் ஒரு முன்னிடைச்சொல் கூடுதலாக முளைக்கிறது. ஐ உருபு வரும் இடங்களில், ஆங்கிலம் கேட்கும் முன்னிடைச்சொல் உதிர்ந்துவிடுகிறது. அறைக்குள் நுழைந்தான் என்று நினைப்பவர் ‘என்டர்ட் இன்டு தி ரூம்’ என்று எழுதுகிறார். சென்னைக்குப் போய்ச் சேர்ந்தவர் ‘ரீச்ட் டு சென்னை’ என்கிறார். அவரிடம் கேட்டேன் என்பது ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ ஆகிறது. கேள்விக்கு விடையளி என்பதால் ‘ஆன்சர் டு தி கொஸ்டியன்’ என்பதை வினையாகவே எழுதுகிறார்கள். இந்த நான்கு வினைகளும் ஆங்கிலத்தில் நேராக ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொள்பவை. மறுபக்கம் பாருங்கள்: பாட்டைக் கேட்டேன் என்பதில் ஐ இருப்பதால் ‘லிசன் தி சாங்’, என்னைப் பார் என்பதால் ‘லுக் மீ’. இங்கே ஆங்கிலம் ‘டு’, ‘அட்’ கேட்கிறது. எனக்குக் கொடு என்பது ‘கிவ் மீ’ ஆவதைப் பார்த்த மாணவர், எனக்கு விளக்குங்கள் என்பதை ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்று எழுதுவதில் வியப்பில்லை. ‘கிவ்’ இரண்டு ஆப்ஜெக்ட் எடுக்கும். ‘எக்ஸ்பிளெய்ன்’ விளக்கப்படும் செய்தியை மட்டும் நேராக எடுத்து, கேட்பவருக்கு ‘டு’ வைக்கும்.

எல்லாப் பழியையும் தாய்மொழிமேல் போடுவதும் சரியாகாது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதைத் தமிழர் மட்டுமல்ல, இந்தியாவின் பிற மொழிக்காரர்களும் ஆப்பிரிக்க நாடுகளில் ஆங்கிலம் பேசுவோரும் எழுதுகிறார்கள். ‘டாக் அபவுட்’ சரி, பெயர்ச்சொல்லாக ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, வினைக்கு மட்டும் ஏன் கூடாது என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்கு ஒழுங்கானதுதான், ஆங்கிலம்தான் ஒழுங்காக இல்லை. ஆங்கிலக் குழந்தைகளும் இதே கணக்கைப் போடுகின்றன. மெலிசா பவர்மன் 1970களில் தம் மகள்களின் பேச்சைப் பதிவு செய்தபோது, இன்ட்ரான்சிட்டிவ் வினைகளை அவர்கள் பிறரைச் செய்யவைக்கும் பொருளில் ட்ரான்சிட்டிவாக ஆள்வதைக் கண்டார். விழுவதையும் விழவைப்பதையும் ஒரே வினையால் சொல்லிப் பார்க்கும் குழந்தை, பல ஆண்டு கேட்டுக் கேட்டுத்தான் எது ஒப்பும், எது ஒப்பாது என்று பழகுகிறது.

இன்னொரு பிழை கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அது ஒரு சொல் இல்லாத பிழை. புத்தகம் வாங்கினாயா என்று கேட்டால் தமிழில் வாங்கினேன் என்பதே முழு விடை. செயப்படுபொருள் முன்பே தெரிந்ததென்றால் தமிழ் அதைத் திரும்பச் சொல்வதில்லை. அதே பழக்கத்தில் ‘எஸ், ஐ பாட்’ என்று ஆங்கிலத்தில் நிறுத்தினால் வாக்கியம் பாதியில் அறுந்து தொங்கும். ‘ஐ பாட் இட்’ என்று அந்தச் சிறு ‘இட்’டைச் சொல்லியாக வேண்டும். ‘ஐ லைக்’, ‘ஐ வான்ட்’, ‘ஐ ப்ராமிஸ்ட் டு கிவ்’ என்று முடியும் வாக்கியங்களெல்லாம் இந்தக் குடும்பம். இதைத் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும் என்பேன். நான் பார்த்த பயிற்சி ஏடுகளில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை.

ஆய்வுலகம் இரண்டு பெட்டிகள் போதாது என்பதை ஏற்று வெகுகாலமாயிற்று. பால் ஹாப்பரும் சாண்ட்ரா தாம்சனும் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், செயல் முடிந்ததா, விரும்பிச் செய்ததா, பொருள் முழுதும் பாதிக்கப்பட்டதா என்பன போன்ற பத்து அளவுகோல்களை வைத்து, ட்ரான்சிட்டிவ் தன்மை கூடும், குறையும் என்று காட்டினார்கள். ராண்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் வாக்கியங்களை ஏழு அமைப்புகளாகப் பிரித்தது. வினை எது என்பதைவிட அது எந்த அமைப்பில் நிற்கிறது என்பதே அங்கே முதன்மை. ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு இலக்கணம் இரண்டு பக்கமும் நிற்கும் வினைகளுக்கு வெளிப்படையாகவே ஓர் இனம் வகுத்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே, நம் வீடுகளில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின், பெரும்பாலான வினைகள் இரண்டு விதமாகவும் ஆளப்படுவதால் ஒரு வினையை இன்னது என்று சொல்வதைவிட இன்னவிதமாக ஆளப்பட்டிருக்கிறது என்று சொல்வதே நல்லது என்று எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பைத் தாண்டிப் பயிற்சிக்குப் போய்விடுவதே நம் வழக்கமாக இருந்திருக்கிறது.

கற்பவருக்கு உண்மையில் கைகொடுத்தவர்கள் அகராதிக்காரர்கள்தான். ஏ.எஸ். ஹார்ன்பி டோக்கியோவில் ஜப்பானிய மாணவர்களின் தடுமாற்றங்களைப் பல ஆண்டு கவனித்து, துணைவர் இருவரோடு 1942இல் அங்கேயே ஓர் அகராதி வெளியிட்டார். ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பதை 25 வாய்பாடுகளால் அது குறித்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பித்து, இன்று உலகமெங்கும் மாணவர் கையில் இருக்கும் அகராதியின் வேர் அது. 1987இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி, பக்க ஓரத்தில் தனிப் பத்தி ஒதுக்கி, உண்மையான எழுத்திலும் பேச்சிலும் வினைக்குப் பின் என்ன வருகிறது என்று காட்டியது. வி.டி., வி.ஐ. என்ற இரண்டெழுத்து சொல்லாததை இவை சொல்லிக்கொடுத்தன.

எல்லைக்கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேல்முறையீடு செய்வதை பிரிட்டனில் ‘அப்பீல் அகெய்ன்ஸ்ட் தி டிசிஷன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘அப்பீல் தி டிசிஷன்’. ‘ப்ரொடெஸ்ட்’ வினையும் அப்படியே. ‘ரைட் மீ’ என்பது அமெரிக்கருக்கு இயல்பு, பிரிட்டிஷார் ‘ரைட் டு மீ’ என்பார்கள். பெரும்பாலும் பயிர் வளர்ப்பது போன்றவற்றுக்கே ட்ரான்சிட்டிவாக நின்ற ‘க்ரோ’, இப்போது தொழிலையும் பொருளாதாரத்தையும் ஆப்ஜெக்டாக எடுத்துக்கொள்கிறது. ‘டிஸ்கஸ் அபவுட்’ நாளை ஏற்கப்படலாம். இன்றைய தேர்வுத் தாளில் அதற்கு மதிப்பெண் குறையும் என்பதை மாணவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே சொல்லேட்டில் ‘டிஸ்கஸ்: விவாதி’ என்று எழுதவைப்பதை விட்டுவிடலாம். ‘டிஸ்கஸ் சம்திங்’, ‘லிசன் டு சம்திங்’, ‘எக்ஸ்பிளெய்ன் சம்திங் டு சம்படி’ என்று முழு அமைப்போடு எழுதட்டும். எட்டாம் வகுப்பில் வரையறையைத் தள்ளிவைத்துவிட்டு, அம்மா, சோறு, ‘குக்ட்’ என்ற அந்த மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் செய்தது யார், ஆனது எது, சொல்லாமல் விட்டது எது என்று கேட்டால் போதும். பெயர்களை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.